கைப்பிடி திருப்பி அடித்த வின்ச்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது காஸ்போர்ட். அங்கே குளிர்காலத்துக்காகக் கரையேற்றி நிறுத்தியிருந்த ஒரு பாய்மரப் படகில் செய்த வேலை இது. 33 அடி நீளம், கண்ணாடியிழை உடல், 1980களின் தொடக்கத்தில் கட்டியது. படகை ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டின் இரு பக்கமும், பாய்க் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் பெரிய வின்ச் ஒவ்வொன்று. இரண்டும் படகோடு சேர்ந்து வந்தவை. ஒரே மாடல், ஒரே வயது. வெண்கலத்தில் வார்த்து குரோம் பூசியவை, இரண்டு வேகம் கொண்டவை, கயிற்றின் நுனியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் தாடை மேலே உண்டு. தயாரித்த கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. கோளாறு வார்ப்பிலோ வடிவமைப்பிலோ இல்லை.

இதை எழுதி வைக்கத் தோன்றியதற்குக் காரணம், இரண்டு வின்ச்சும் வாழ்ந்த விதம். வலப்பக்கத்து வின்ச்சுக்கு உரிமையாளர் ஒவ்வொரு வசந்தத்திலும் கயிறு சுற்றும் டிரம்மைக் கழற்றி கிரீஸ் வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் மேலே இருக்கும் வளையம் இறுகிப்போய் அவரால் திறக்க முடியவில்லை. பல வருஷமாக அதை அப்படியே விட்டுவிட்டார். ஒரே படகு, ஒரே உப்புத் தண்ணீர், ஒரே வெயில். ஒன்றுக்கு வருஷாவருஷம் கவனிப்பு, மற்றதற்கு ஒன்றுமே இல்லை. ஆளை அடித்தது கவனித்த வின்ச்.

புகார்

உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வலப்பக்கத்தை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றுதான் கூப்பிட்டிருந்தார். முன்பாயான ஜெனோவாவை இழுத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் சில நேரம் கயிறு தானாகக் கொஞ்சம் தளர்கிறது என்றார். கனம் ஏறியதும் கைப்பிடியை மறுபக்கமாகத் திருகினால் முதல் அரைச் சுற்று வெறுமனே சுழல்கிறது, அப்புறம்தான் ‘கடக்’ என்று பிடிக்கிறது என்றார். இந்த இரண்டையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

போன சீசனின் தொடக்கத்தில், ஏப்ரல் மாதக் குளிர்ந்த காலை ஒன்றில், வலஞ்சுழியாக வேகமாகத் திருகிக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறார். கைப்பிடி அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு இடஞ்சுழியாகச் சுழன்று மணிக்கட்டில் அடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை, வீக்கம் வடிய நாளாகியிருக்கிறது.

கைப்பிடி எந்தப் பக்கம் சுழன்றது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் பாதிக் கோளாறு அந்தப் பதிலில்தான் இருந்தது. ஏன் என்று புரிய, வின்ச் எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உள்ளே நடப்பது

பாயில் காற்று நிரம்பிவிட்டால் அதன் கயிற்றைக் கையால் இழுக்க முடியாது. கயிற்றை டிரம்மில் மூன்று நான்கு சுற்று சுற்றி, மேலே கைப்பிடியைச் செருகித் திருக வேண்டும். இந்த வின்ச் 40 என்ற அளவைச் சேர்ந்தது. அந்த எண் தோராயமாக பலப்பெருக்கத்தைச் சொல்கிறது, கணக்கும் எளிது. கைப்பிடியின் நீளம் 10 அங்குலம், அதாவது 254 மி.மீ. டிரம்மின் ஆரம் ஏறக்குறைய 40 மி.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 6.35. உள்ளே இருக்கும் கியர் இரண்டாம் வேகத்தில் சுமார் 6.3 மடங்கு கொடுக்கிறது. பெருக்கினால் 40. முதல் வேகத்தில் கியர் 2.1 மடங்குதான், மொத்தம் 13 மடங்கு வரும். உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்ளும், ஆனாலும் 15 கிலோ அழுத்தத்தில் அரை டன் அளவுக்கு இழுக்கலாம் என்பது சாதாரண விஷயமில்லை.

கைப்பிடியை வலஞ்சுழியாகத் திருகினால் முதல் வேகம். இடஞ்சுழியாகத் திருகினால் இரண்டாம் வேகம், மெதுவாக ஆனால் பலமாக. கையை எந்தப் பக்கம் திருகினாலும் டிரம் வலஞ்சுழியாகத்தான் சுற்றும். இதற்காக உள்ளே இரண்டு தனித்தனி கியர் வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழியிலும் ஒரு ராட்செட். அந்த ராட்செட்டில் பல்லைப் பிடிக்கும் சின்ன உலோக நாக்குகள், அவற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள். சைக்கிளின் பின்சக்கரத்தில் ஃபிரீவீலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதே ஏற்பாடுதான். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் ‘டிக் டிக்’ என்று வழுக்கும்.

இந்த ரக வின்ச்சுக்குள் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கத் தனிப் பூட்டு எதுவும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கயிறு டிரம்மைப் பின்னால் இழுக்கும்போது இரண்டு கியர் வழிகளிலும் நாக்குகள் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன. முதல் வேக வழி, கைப்பிடி செருகும் நடுத்தண்டை இடஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கிறது. இரண்டாம் வேக வழி அதே தண்டை வலஞ்சுழியாகத் திருப்பப் பார்க்கிறது. ஒரு தண்டு ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் சுற்ற முடியாதே! இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கின்றன, டிரம் அசையாது. கூடுதலாக ஒரு பாகம்கூட வைக்காமல் கிடைக்கும் பூட்டு.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஏதாவது ஒரு வழியில் நாக்குகள் பிடிக்காமல் போனால், மறிக்க எதிராளி இல்லை. சுமை முழுவதும் மிச்சமிருக்கும் வழியாக நடுத்தண்டுக்கு வந்து, அதில் செருகியிருக்கும் கைப்பிடியைச் சுழற்றிவிடும். கயிற்றில் 300 கிலோ இழுவிசை இருந்தால், முதல் வேக வழியாக அது கைப்பிடி நுனிக்கு வரும்போது 13-ஆல் வகுபட்டு சுமார் 23 கிலோவாக நிற்கும். திருகிக்கொண்டிருக்கும்வரை கைக்கு அது வித்தியாசமாகத் தெரியாது. பிடியைத் தளர்த்திய நொடியில் கைப்பிடி பறக்கும்.

இப்போது ஆசிரியர் சொன்ன பதிலுக்கு வருவோம். கைப்பிடி இடஞ்சுழியாகப் பறந்தது. அப்படியென்றால் முதல் வேக வழி சரியாக இருக்கிறது. அதுதான் கைப்பிடியைத் திருப்பியது. பிடிக்காமல் போனவை இரண்டாம் வேகத்தின் நாக்குகள். இரண்டாம் வேகத்துக்கு மாற்றும்போது அரைச் சுற்று வெறுமனே போகிறது என்ற இன்னொரு புகாரும் அதே இடத்தைத்தான் காட்டியது. குளிர்காலையில் நடந்தது என்பதும் முக்கியம். ஸ்பிரிங் உடைந்திருந்தால் அதற்குக் காலை மாலை என்று வித்தியாசம் தெரியாது. குளிரில் மட்டும் மோசமாகிறது என்றால் எதுவோ கெட்டியாகிறது. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடுவதற்கு முன்பே இவ்வளவு தெரிந்துவிட்டது.

வலப்பக்கம்

சவுத்தாம்ப்டனில் கப்பல் பொறியியல் படிக்கும் தூத்துக்குடித் தம்பி ஒருவன் உதவிக்கு வந்திருந்தான். கருவிப்பையைத் திறக்கப் போனவனை நிறுத்தி, “முதல்ல காக்பிட் வடிகால் ஓட்டையை எல்லாம் துணி வெச்சு அடை தம்பி” என்றேன். ஸ்பிரிங் ஒன்று தெறித்து விழுந்தால் நேராக அந்த ஓட்டைக்குத்தான் போகும். தண்ணீரில் மிதக்கும் படகென்றால் அதை மறந்துவிட வேண்டியதுதான். அப்புறம் ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் டிரம் அளவுக்கு ஓட்டை வெட்டி வின்ச்சின்மேல் கவிழ்க்காமல் நிமிர்த்தி மாட்டினோம். வின்ச் பெட்டிக்குள் நிற்கும். எது தெறித்தாலும் பெட்டிக்குள்ளேயே விழும். படகுக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான், காசு செலவில்லை.

டிரம்மை மேலே பூட்டி வைக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்க்கனிலும் ஆண்டர்சனிலும் நடுவில் ஒரு போல்ட். லூமரின் பல மாடல்களில் இரண்டு அரைவளையங்கள். பழையவை பலவற்றில் வெறும் சர்க்லிப், அதாவது பள்ளத்தில் உட்காரும் ஸ்பிரிங் வளையம். இதிலும் சர்க்லிப்தான். எடுப்பதற்கு முன், கயிற்றைத் தாடைக்குள் திருப்பிவிடும் கை எந்தத் திசையில் நிற்கிறது என்று அடித்தட்டில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டோம். இரு பக்க வின்ச்சிலும் உள்பாகங்கள் ஒன்றுதான், இரண்டும் வலஞ்சுழிதான். அந்தக் கை நிற்கும் திசை மட்டும்தான் மாறும்.

டிரம்மை வெடுக்கென்று உருவக் கூடாது. வலஞ்சுழியாக மெல்லச் சுழற்றிக்கொண்டே தூக்க வேண்டும், அப்போதுதான் பல் எங்கும் சிக்காது. இன்னொரு கையை டிரம்முக்கு அடியில் வைத்திருப்பது நல்லது. கிரீஸ் நிறைய இருந்தால் உருளை பேரிங்குகள் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு கூடவே மேலே வரும், பாதியில் கழன்று விழும். இங்கே சொல்லி வைத்தாற்போல இரண்டு பேரிங்கும் ஒட்டிக்கொண்டு வந்தன.

உள்ளே பார்த்ததும் தம்பி சிரித்துவிட்டான்.

“இவ்வளவு கிரீஸ் இருக்கு, அப்புறம் எப்படிண்ணா மாட்டுது?”

“இருக்கறதாலதான்டா மாட்டுது.”

மேலே இருந்தது போன வசந்தத்தில் வைத்த கிரீஸ், தேன் நிறம். அதற்குக் கீழே பழுப்பு. அடித்தட்டை நெருங்கும்போது பச்சை. வெண்கலமும் கிரீஸும் உப்புத் தண்ணீரும் வருஷக்கணக்கில் சேர்ந்திருந்தால் செம்புக் களிம்பு ஏறி கிரீஸே பச்சையாகிவிடும். அந்தப் பச்சை விழுதை இரண்டு விரலால் தேய்த்தால் நறநறவென்று உப்பும் உலோகத் தூளும் தட்டுப்பட்டன. உரிமையாளர் ஒவ்வொரு வருஷமும் டிரம்மை மட்டும் தூக்கி, பழையதைத் துடைக்காமல், டிரெய்லர் சக்கர பேரிங்குக்குப் போடுகிற கெட்டி கிரீஸை மேலே அப்பியிருக்கிறார். அது வெயிலில் மெல்லக் கீழே இறங்கி, அடித்தட்டில் இருக்கும் கியர்களின்மேல் குவிந்திருக்கிறது. இரண்டாம் வேகத்தின் ராட்செட் இருப்பது மிகச் சரியாக அந்த இடத்தில்.

நடுத்தண்டை உருவி, கியர் தண்டுகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, கியர்களைப் பக்கவாட்டில் வெளியே எடுத்தோம். கியருக்கு அடியில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாது. மண்ணெண்ணெயில் போட்டபின் தட்டின் அடியில் கிடப்பதைப் பார்த்து எது எங்கிருந்து வந்தது என்று விழிக்க நேரும். அதனால் ஒவ்வொரு கியரையும் எடுத்ததும் கவிழ்த்துப் பார்த்து, வாஷரோடு சேர்த்துப் பழைய துணியில் வரிசையாக அடுக்கினோம். போனில் படம் எடுப்பது இப்போது எளிது, எடுத்தோம். ஆனால் வரிசையாக அடுக்குவதற்கு அது மாற்றாகாது.

இரண்டாம் வேகக் கியரைக் கையில் எடுத்து நாக்குகளை அழுத்திப் பார்த்தேன். நல்ல நாக்கை விரலால் உள்ளே அழுத்திவிட்டால் ‘டக்’ என்று துள்ளி வெளியே வர வேண்டும். இவற்றில் ஒன்று உள்ளே போனது, போனதுதான். குழிக்குள்ளேயே படுத்துக்கொண்டது. மற்றொன்று யோசித்து யோசித்து வந்தது. கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்திருந்தேன். உள்ளங்கைச் சூடு ஏறியதும் படுத்திருந்த நாக்கு மெல்ல எழுந்தது. ஏப்ரல் காலைக்கு அதுவே விளக்கம். ஸ்பிரிங் உடையவில்லை, நாக்கின் முனையும் கூர்மையாகவே இருந்தது. நாக்குக்கும் குழிக்கும் நடுவே இருந்த கெட்டி விழுதைத் தள்ள, அந்த மெல்லிய கம்பிக்குப் பலம் போதவில்லை.

கழுவியபின் அளந்து பார்த்தால், வலப்பக்கத்து வின்ச்சில் தேய்மானம் என்று சொல்ல எதுவுமே இல்லை. கியர் பற்கள் பளபளவென்று சீராக இருந்தன. தண்டுகளில் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்கவில்லை. புது நாக்கு ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. நாக்கு தேய்ந்துபோச்சு என்று யாராவது முன்பே முடிவு கட்டி, புது நாக்குகளை வாங்கிப் போட்டு, மறுபடி அதே கிரீஸை அப்பியிருந்தால் அடுத்த ஏப்ரலில் மறுபடி மணிக்கட்டு.

இடப்பக்கம்

வலப்பக்கத்தை மட்டும் பார்க்கச் சொன்னவரிடம், இடப்பக்கத்தையும் திறக்க வேண்டும் என்று பேசிச் சம்மதம் வாங்கினோம். “அது ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லையே” என்றார். உண்மைதான். திருக மட்டும் இறுக்கமாக இருந்தது, கரகரவென்று சத்தம் வந்தது.

அதன் சர்க்லிப் அசைய மறுத்தது. ஊடுருவும் எண்ணெயை இரவு முழுவதும் ஊற்றி வைத்திருந்தும் பயனில்லை. இப்படிப்பட்ட இடங்களில் பலரும் அடுத்ததாகச் சுத்தியலைத் தேடுவார்கள். நான் கெட்டிலைத் தேடினேன். சர்க்லிப் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தை அடைத்திருந்தது துருவைவிட உப்பே அதிகம். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீர் இன்னும் வேகமாகக் கரைக்கும். கொதிக்கும் நன்னீரை நிதானமாக ஊற்றி, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி ஊற்றினோம். மேலே வெள்ளையாக நுரைத்துக் கரைந்து ஓடியது. பிறகு கூர்முனைக் கொக்கியால் ஒரு நுனியைக் கிளப்பினால், சர்க்லிப் முனகிக்கொண்டே வெளியே வந்துவிட்டது. ஹீட் கன் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பேரிங் கூடுகளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டும். வெந்நீரில் அந்தப் பயமில்லை.

உள்ளே கிரீஸ் என்று சொல்லத் தக்கதாக ஒன்றுமில்லை. பழைய பூச்சு காய்ந்து மெழுகுச் செதிலாய் உதிர்ந்தது. ஒரு பேரிங் கூடு விரிசல் விட்டிருந்தது, உருளைகள் உப்புப் பொருக்கில் சரியாகச் சுழலவில்லை. கரகர சத்தம் அங்கிருந்துதான். சரி, நாக்குகள்? காய்ந்து, வெள்ளிபோல் மின்னிக்கொண்டு, விரலால் அழுத்தினால் துள்ளின. அந்த வின்ச் ஏன் ஒருநாளும் பின்வாங்கவில்லை என்பது அதைப் பார்த்ததுமே விளங்கியது.

ஆனால் எல்லா நாக்கும் அல்ல. ஒவ்வொரு ராட்செட்டிலும் நாக்குகள் ஜோடியாக இருக்கும், சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். முதல் வேக ராட்செட்டில் ஒரு நாக்கின் ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது. அந்த நாக்கு தன் பாட்டுக்குக் குழிக்குள் ஆடிக்கொண்டிருந்தது, பல்லைப் பிடிக்கவே இல்லை. அதன் ஜோடிதான் பல வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறது; பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் முனை உருண்டு போயிருந்தது. இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் பெருஞ்சுமையில் பல்லிலிருந்து நழுவியிருக்கும். அதனால், சும்மா விட்டதுதான் நல்லது என்று ஆசிரியர் சொல்ல ஆரம்பித்தபோது, முறிந்த ஸ்பிரிங்கையும் அந்த நாக்கையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

இதைப் பிரிக்காமலேயே காதால் கண்டுபிடித்திருக்கலாம். சுமையில்லாமல் டிரம்மை மெல்லச் சுழற்றினால், ஒரு ஜோடி நாக்குகள் சேர்ந்து விழும்போது ஒரே தெளிவான ‘டக்’ கேட்கும். ஒன்று பிந்தினால் ‘டடக்’ என்று இரட்டிக்கும், ஒன்று செத்திருந்தால் சத்தம் மெலிந்துவிடும். கிரீஸ் நிரம்பிய வின்ச்சில் சத்தமே அமுங்கிப்போகும். ‘சத்தமில்லாமல் நைஸாகச் சுற்றுது’ என்று உரிமையாளர் வலப்பக்கத்தைப் பாராட்டியிருக்கிறார். ராட்செட் வைத்த எதுவும் சத்தமில்லாமல் சுற்றினால் நான் பயப்படுவேன்.

தண்ணீர் நின்ற இடம்

பச்சை விழுது அவ்வளவு ஈரமாக இருந்தது உறுத்தியது. அடித்தட்டில் தண்ணீர் வெளியேற வடிகால் துளைகள் உண்டு. வலப்பக்க அடித்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினோம், அப்படியே நின்றது. துளைகள் கிரீஸில் அடைத்துப் போயிருந்தன. ஒன்றில் மட்டும் வேறு கதை: எப்போதோ வின்ச்சைக் கழற்றி மறுபடி டெக்கில் பதித்தவர்கள் ஒழுகாமல் இருக்க அடியில் போட்ட சீலன்ட் பசை பிதுங்கி வந்து அந்தத் துளையை மூடியிருந்தது. செம்புக் கம்பியால் குத்தி, கத்தி நுனியால் சீலன்டைச் சுரண்டி எடுத்தோம். பிறகு ஊற்றிய தண்ணீர் உடனே ஓடியது. அடித்தட்டின் போல்ட்டுகளைத் தொடவில்லை. கீழே கேபினில் கசிவு எதுவும் இல்லை. ஒழுகாத இடத்தைக் கிளறி ஒழுக வைக்க வேண்டாம்.

இந்த ஜோடி முழுக்க வெண்கலம் என்பதால் ஒரு தலைவலி இல்லாமல் போனது. அலுமினிய டிரம்மாக இருந்து, அடியில் இப்படித் தண்ணீர் நின்றிருந்தால், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடந்து, வெள்ளைப் பொடி பூத்து, ஸ்க்ரூ உடைந்துதான் வந்திருக்கும்.

கழுவி, துடைத்து, கொஞ்சமாகப் பூசியது

எல்லாப் பாகத்தையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். பெட்ரோல் வேண்டாம், வேகமாகக் கழுவும், ஆனால் படகுக்குள் அதன் ஆவி கனத்துக் கீழே தங்கிவிடும். நாக்குக் குழிகளுக்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு, பச்சை நிறம் வராமல் போகும்வரை துடைத்தோம். இரண்டு வின்ச்சின் கியர்களையும் தனித்தனித் தட்டில்தான் வைத்திருந்தோம். நாற்பது வருஷம் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய கியர்களை ஜோடி மாற்றக் கூடாது.

ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம், நன்றாக இருந்தவை உட்பட. சில பவுண்டு விலை. இதே அளவில் புது வின்ச் ஒன்று ஆயிரம் பவுண்டைத் தாண்டும். இடப்பக்கத்தில் முதல் வேக நாக்குகள் இரண்டும் புதிது. ஒன்று மட்டும் புதிதாகப் போட்டால் உயரம் சற்றே மாறி மறுபடி ஒன்றே சுமக்கும். விரிசல் விட்ட பேரிங் கூடும் மாற்றினோம். பேரியண்ட், பார்லோ போன்ற, தயாரித்த கம்பெனியே இல்லாமல் போன வின்ச்சாக இருந்தால் உதிரிபாகத்துக்கு அலைய நேர்ந்திருக்கும், இதற்குக் கிடைத்தது. கைப்பிடிக் குழியின் எண்முனை நட்சத்திர வடிவம் மட்டும் எந்தக் கம்பெனிக்கும் ஏறக்குறைய பொதுவானது, அதனால் கைப்பிடிக்குப் பிரச்சினையில்லை.

பூசுவதில்தான் ஆசிரியரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினோம். கியர் பற்களுக்கும் உருளை பேரிங்குக்கும் வின்ச்சுக்கென்றே விற்கும் மெல்லிய கிரீஸ். பிரஷ்ஷில் தொட்டு, பல்லின்மேல் ஈரமாகத் தெரியும் அளவுக்கு மட்டும். குவிந்து நின்றால் துடைத்துவிட வேண்டும். நாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் கிரீஸ் கூடவே கூடாது; இலேசான எண்ணெய் ஒரே சொட்டு. தையல் மெஷின் எண்ணெய் போதும். ஹார்க்கன், லூமர் கையேடுகளைப் புரட்டினாலும் இதைத்தான் சொல்கின்றன: நாக்குக்கு எண்ணெய், கியருக்கு கிரீஸ். ஆசிரியர் கேட்டார், “எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடாதா?” காயும். காய்ந்த நாக்கு பிடிக்கும் என்பதற்கு அவருடைய இடப்பக்கமே சாட்சி.

நாக்கை மாட்டுவதற்குப் பொறுமை வேண்டும். ஸ்பிரிங்கின் ஒரு காலை நாக்கின் பள்ளத்தில் படியவைத்து, கட்டைவிரலால் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே குழிக்குள் நழுவவிட வேண்டும். நாக்கு தலைகீழாகவும் உள்ளே போய் உட்காரும், பார்த்தால் தெரியாது, ஆனால் பிடிக்காது. அதனால் ஒவ்வொன்றையும் மாட்டியதும் விரலால் அழுத்தி, துள்ளுகிறதா என்று பார்த்து, பல் வளையத்துக்குள் வைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. இந்த வேலையைத் தம்பியிடம் விட்டேன். விரல் சின்னது, பொறுமையும் என்னைவிட அதிகம்.

சோதனை

வெறும் டிரம்மைச் சுழற்றி ‘டக் டக்’ கேட்பதோடு விட முடியாது, சுமையில் நிற்க வேண்டும். படகு கரையில் நிற்கிறது, பாய் இல்லை. ஒரு நல்ல கயிற்றை வலப்பக்க வின்ச்சிலிருந்து எடுத்து, டெக் ஓரத்துத் தண்டவாளத்தில் இருக்கும் கப்பிகள் வழியாகக் கொண்டுபோய் இடப்பக்க வின்ச்சில் சுற்றினோம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். முதலில் முதல் வேகத்தில், பிறகு இரண்டாம் வேகத்தில் கயிறு நரம்பாய் விறைக்கும்வரை திருகிவிட்டு, ஒவ்வொரு கைப்பிடியையும் இறுகப் பிடித்தபடியே மெல்லத் தளர்த்திப் பார்த்தோம். நகரவில்லை. கைப்பிடிகளை உருவி எடுத்துவிட்டு, டிரம்மிலிருந்து அடித்தட்டுக்குக் குறுக்கே ஒரே கோடாக டேப் ஒட்டி, அந்த டேப்பை நடுவில் பிளேடால் அறுத்துவிட்டோம். கோடு விலகினால் டிரம் பின்வாங்கியது என்று அர்த்தம்.

பகலில் மட்டும் பார்த்து என்ன பயன்? அப்படியே இரவு விட்டுவிட்டுப் போனோம். காலையில் டெக்கில் உறைபனி. இரண்டு வின்ச்சிலும் டேப்பின் இரு துண்டுகளும் நேருக்கு நேராகவே இருந்தன. அந்தக் குளிரிலேயே கயிற்றை இளக்கி மறுபடி சுமையேற்றி, வலப்பக்கத்தில் வேகத்தை மாற்றி மாற்றித் திருகினோம். இரண்டாம் வேகம் கை மாறிய உடனே பிடித்தது, வெற்றுச் சுற்று இல்லை. இடப்பக்கத்தில் கரகரப்பு போய்விட்டது.

வலப்பக்க டிரம்மின் குரோம் இரண்டு இடத்தில் உரிந்து வெண்கலம் தெரிகிறது. மறுபடி பூசலாமா என்று ஆசிரியர் கேட்டார். செலவு அதிகம், வேலைக்கு அவசியமில்லை; உரிந்த விளிம்பு கயிற்றை அறுக்காதபடி நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டோம். இடப்பக்கத்தில் கயிற்றைப் பிடிக்கும் தாடை சற்றுத் தேய்ந்திருக்கிறது, மெல்லிய கயிறு வழுக்கலாம். இப்போது போட்டிருக்கும் கயிற்றுக்குப் போதும் என்பதால் அதை அப்படியே விட்டோம். சீசன் தொடங்கும்போது ஒருமுறையாவது பிரித்துக் கழுவ வேண்டும், கடலுக்குப் போய் வந்தால் நன்னீர் ஊற்ற வேண்டும், திருகி முடித்ததும் கைப்பிடியை உருவி அதன் பைக்குள் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். டிரெய்லர் கிரீஸ் டப்பாவில் இன்னும் பாதி மிச்சமிருந்தது. அதை டிரெய்லருக்கே வைத்துக்கொள்ளச் சொன்னோம்.